கூரைக்கு மார்க் போடுங்கள்!

சித்திரை மாதம். இரவு மணி பதினொன்று. சூரியன் மறைந்து நாலரை மணி நேரம் ஆகிவிட்டது. தெருவில் நின்றால் லேசாகக் காற்று வீசுகிறது. ஆனால் மாடி அறைக்குள் கால் வைத்தால், அடுப்பங்கரைக்குள் நுழைந்தது போல இருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது, அது உஷ்ணக் காற்றையே கீழே தள்ளுகிறது. சுவரில் கை வைத்தால் சுடுகிறது. தாத்தா பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார். தொட்டிலில் குழந்தை அழுகிறது.

அஸ்தினாபுரத்தில் இது எந்த வீட்டில் நடந்தது என்று கேட்க வேண்டியதில்லை. குரோம்பேட்டையிலிருந்து செம்பாக்கம் வரையில், சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரம் வரையில், மாடி வீட்டில் குடியிருக்கும் எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பாண்டவர்கள் ஆண்ட ஊரின் பெயரை இந்த ஊருக்கு வைத்தார்கள். மயன் கட்டிய மண்டபம் ஒன்றுதான் இங்கே இல்லை! செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் கொண்டு கட்டிய வீடுகளே எங்கும் நிற்கின்றன. அரை கிரவுண்டிலும் ஒரு கிரவுண்டிலும், வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டுக் கட்டிய வீடுகள் அவை.

இந்த வீடுகளைக் குளுமையாக்க என்ன செய்யலாம்? யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. "சார், கூலிங் டைல்ஸ் போட்டுடுங்க, ஏ.சி.யே வேண்டாம்" என்கிறார் மேஸ்திரி. "வெள்ளை பெயிண்ட் அடியுங்க, போதும்" என்கிறார் பெயிண்ட் கடைக்காரர். "தகர ஷெட் போட்டால் நிழலும் ஆச்சு, மழைக்கும் ஆச்சு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "தெர்மாகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் அடித்துவிடு அண்ணா" என்கிறான் மைத்துனன். எல்லோரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கையில் உள்ள சரக்கை அவரவர் புகழ்கிறார்கள், அவ்வளவுதான். குழம்பிப்போன குடும்பத் தலைவர் கடைசியில் எதைச் செய்கிறார்? யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதைச் செய்கிறார்!

இது கூடாது. இதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு.

வெயில் எங்கே விழுகிறது?

கணக்குக்கு முன்னால் ஒரு விஷயம். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 25-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அது உச்சியை விட்டு வெகு தூரம் விலகுவதில்லை. ஆகவே கோடையில் வெயிலின் முழு அடியையும் வாங்குவது மொட்டை மாடிதான். அடுத்தபடி காலையில் கிழக்குச் சுவரும், மாலையில் மேற்குச் சுவரும் வாங்குகின்றன. தெற்குச் சுவருக்கு அப்போது வெயில் மிகக் குறைவு. "தெற்குப் பார்த்த வீடு, அதனால்தான் கொதிக்கிறது" என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோடை நடுப்பகலில் வெறும் கான்கிரீட் மாடியின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடுவதுண்டு. அந்தச் சூடு உடனே உள்ளே வந்துவிடுவதில்லை. செங்கல்லும் கான்கிரீட்டும் உண்டியல் மாதிரி. பகலெல்லாம் உஷ்ணத்தைச் சேர்த்து வைக்கின்றன. மாலையிலிருந்து அதை அறைக்குள் விடத் தொடங்குகின்றன. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெயிலை உள்ளே அனுப்ப ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டிருப்பவர் பாதி இரவில் வியர்த்து விழிப்பது இதனால்தான். வெளியே ஊர் குளிர்ந்த பிறகும் வீடு குளிர்வதில்லை. அறையில் காற்று மட்டும் சூடாக இருந்தால் விசிறி உதவும். கூரையே அனல் வீசும்போது விசிறி என்ன செய்யும்?

ஆகவே வைத்தியம் பார்க்க வேண்டியது முதலில் கூரைக்குத்தான். சுவருக்கு நிழல் போதும். மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரமோ, ஜன்னலுக்குமேல் நீண்ட சன்ஷேடோ, ஒரு பச்சை வலையோ சுவரைக் காப்பாற்றிவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள், செங்கற்களை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டை யோசிக்கலாம். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைப் பிரபலமாக்கினார். கல்லும் கலவையும் மிச்சம், உள்ளே இருக்கும் காற்றே காப்பு.

முன்னோர் செய்தது

நம் பாட்டனார் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகள் ஏன் குளுகுளுவென்று இருந்தன? தேக்கு உத்தரங்களுக்கு மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கினார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டினார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டினார்கள். தளம் இறுகிய பின் தட்டோடு பதித்தார்கள். சுவர்களும் தடிமன், கூரையும் உயரம்.

இன்று அதில் எஞ்சியிருப்பது சுருக்கித் தளமும் தட்டோடும் மட்டுமே. அதுவும் நல்லதுதான், மழைநீரை வழியவிட அதைப் போல் சிறந்தது இல்லை. ஆனால் உஷ்ணத்தைப் பொறுத்தவரை அதன் சாமர்த்தியம் நாம் நினைக்கும் அளவு இல்லை. வெறும் கான்கிரீட் கூரை விடும் வெப்பத்தில் சுமார் கால்பங்கைத்தான் அது தடுக்கிறது. எடையோ அபாரம். நாலு அங்குலத் தளம் சதுர அடிக்குச் சுமார் 15 கிலோ. 800 சதுர அடி மாடிக்கு 12 டன்! பழைய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போடச் சொல்லும் மேஸ்திரியிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

தெர்மாகோல் ஒரு அங்குலம் தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால் அது மூன்றரை அடிக்குமேல் தடிமன் இருக்க வேண்டும். காரணம், அந்தப் பஞ்சு போன்ற பொருளுக்குள் அடைபட்டிருக்கும் காற்று. கனத்தால் வெப்பம் தாமதப்படும். அடைபட்ட காற்றால்தான் வெப்பம் தடைப்படும். இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மத்திய அரசு 2018-இல் வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதிகளை வெளியிட்டது. 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்பது அதன் பெயர். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையக்கூடாது என்று அது சொன்னது. நமது ஆறு அங்குல வெறும் கான்கிரீட் கூரையோ 3 வாட்டுக்கு மேல் விடுகிறது. நல்ல காப்புப் பலகை ஒரே ஒரு அங்குலம் போட்டால், கணக்குப்படி அந்த எல்லைக்குள் வந்துவிடலாம்.

நல்ல விதி. ஆனால் யாருக்கு? 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காக அது எழுதப்பட்டது. அதாவது இரண்டேகால் கிரவுண்டு! அஸ்தினாபுரத்துச் சந்துகளில் அப்படிப்பட்ட மனை எத்தனை? பெரிய மனைக்காரர் ஏ.சி. வாங்கிக்கொள்வார். அரை கிரவுண்டுக்காரரின் தலைக்குமேல் எந்த விதியும் நிற்கவில்லை. வெயில் மட்டும் நிற்கிறது. சிறு மனைக்கும் வரைபட அனுமதி கொடுக்கும்போதே, கூரைக் காப்பைப் பற்றி ஒரு வரியாவது கேட்டால் என்ன என்று தாம்பரம் மாநகராட்சியை நாம் கேட்கிறோம். தெலங்கானா 2023-இலேயே குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. 2024-இல் தமிழக அரசும் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நிவாரணம் வேண்டியதுதான். அதற்கு முன்னால் கூரைக்கு ஏதாவது செய்யக்கூடாதா?

ஃபிராங்க்ளின் சொன்ன வழி

இனி கணக்குக்கு வருவோம். 1772-இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவித்த தம் நண்பர் பிரீஸ்ட்லிக்குக் கடிதம் எழுதினார். ஒரு தாளை நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம் எழுது. சம கனமுள்ளவற்றை அடித்துக்கொண்டே வா. எஞ்சியதைப் பார் என்றார். இருநூறு வருஷங்களுக்குப் பின், 1970-களில், தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் இதை இன்னும் செம்மைப்படுத்தினார். அவர் அதற்கு முன் ஆயுதக் குறைப்புப் பேச்சு வார்த்தைகள் சம்பந்தமான ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர். பெரிய நிபுணர்கள்கூட எது முக்கியம் என்பதில் ஒத்துப்போகத் திணறுவதைக் கண்டவர். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எடை போடாதே, இரண்டிரண்டாக வைத்து, "இதைவிட அது எத்தனை மடங்கு முக்கியம்?" என்று கேள் என்றார். இன்று கட்டடப் பொறியாளர்கள் காப்புப் பொருளைத் தேர்ந்தெடுக்க இப்படிப்பட்ட முறைகளையே கையாளுகிறார்கள்.

நாம் அதைச் சமையலறை மேஜையிலேயே செய்யலாம். பள்ளிக்கூட மார்க் ஷீட் தெரியுமல்லவா? அதே மாதிரிதான்.

முதலில், எவற்றைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். ராத்திரி குளுமை, முதல் செலவு, உழைக்கும் காலம், மொட்டை மாடியின் உபயோகம் என்று நாலு போதும். மாடியின் உபயோகம் சின்ன விஷயம் அல்ல. வடகம் காய்வதும், துணி உலர்வதும், பிள்ளைகள் பட்டம் விடுவதும் அங்கேதானே!

பிறகு, மொத்தம் நூறு பங்கை இந்த நாலுக்கும் பிரித்துக் கொடுங்கள். அதன்பின் ஒவ்வொரு வழிக்கும், ஒவ்வொன்றிலும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுங்கள். பங்கையும் மார்க்கையும் பெருக்கிக் கூட்டுங்கள். மொத்தம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வந்துவிடும்.

ஒரு குடும்பம் குளுமைக்கு 40, செலவுக்கு 30, உழைப்புக்கு 20, மாடி உபயோகத்துக்கு 10 பங்கு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பூச்சுக்கு வரிசையாக 6, 9, 3, 6 என்று மார்க். காப்புப் பலகை போட்டு மேலே ஓடு பதிப்பதற்கு 9, 3, 8, 9. தகர ஷெட்டுக்கு 6, 4, 5, 5. (மார்க் நாம் உத்தேசமாகப் போட்டது. உங்கள் வீட்டுக்கு நீங்கள் விசாரித்துப் போடுங்கள்.) கூட்டினால் பலகைக்கு 700, வெள்ளைப் பூச்சுக்கு 630, ஷெட்டுக்கு 510. பலகை ஜெயித்தது.

அடுத்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கையில் பணம் இல்லை. அவர்கள் செலவுக்கு 50, குளுமைக்கு 30, மற்ற இரண்டுக்கும் பத்துப் பத்து என்று வைக்கிறார்கள். அதே மார்க், ஆனால் இப்போது வெள்ளைப் பூச்சுக்கு 720, பலகைக்கு 590, ஷெட்டுக்கு 480. பூச்சு ஜெயித்தது. இரண்டு வீட்டு முடிவும் சரியே. "எது சிறந்த கூரை?" என்று மேஸ்திரியைக் கேட்டால் பதில் கிடைக்காது என்பது இதனால்தான். "எங்களுக்கு எது?" என்பதே கேள்வி.

ஒரு எச்சரிக்கை. சரித்திரத்தில் 95 வாங்கிய பையன் கணக்கில் 20 வாங்கினால் ஃபெயில்தானே? அதுபோல இங்கேயும் மூன்று பாடங்களில் பாஸாகாத எதையும் கூட்டலுக்கே எடுக்கக் கூடாது. முதலாவது மழை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுகும் கூரை எவ்வளவு குளுமையாக இருந்து என்ன? ஈரம் குடித்த காப்பு, காப்பே அல்ல. இரண்டாவது பாரம். முப்பது வருஷத்துக் கூரையில் 12 டன் ஏற்றுவதற்கு முன் பொறியாளர் ஒருவரைக் கேட்டே ஆக வேண்டும். மூன்றாவது தீ. தெர்மாகோல் நெருப்பைக் கண்டால் உருகி எரியும். ஓட்டுக்கும் கலவைக்கும் அடியில் மூடியிருந்தால் பயமில்லை. அறைக்குள் விளக்கு ஒயருக்குப் பக்கத்தில் திறந்து தொங்கவிடுவது ஆபத்து. தகர ஷெட்காரர்கள் காற்றையும் நாலாவது பாடமாகச் சேர்க்க வேண்டும். 2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

யார் போடுவது மார்க்?

இப்போது நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம். கணக்கு எளிது. அந்த நூறு பங்கைப் பிரிப்பதுதான் கஷ்டம். அதை யார் பிரிக்கிறார்கள்?

பெரும்பாலும் சம்பாதிக்கிறவர் பிரிக்கிறார். அவர் காலை எட்டு மணிக்குப் பல்லாவரம் தாண்டிப் போய்விடுகிறார். குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரவு வந்து, தம் அறையில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். அவர் தாளில் குளுமைக்கு 20 பங்கு என்றால் ஆச்சரியமில்லை. மாடி அறையில் ஏ.சி. இல்லாமல் கிடக்கும் எழுபது வயது மாமியாரைக் கேட்டால் என்ன சொல்வார்? உச்சி வேளையில் அடுப்பின் முன் நிற்கும் மருமகளைக் கேட்டால்? அவர்களை யாரும் கேட்பதில்லை. வயதானவர் உடம்பு உஷ்ணத்தைத் தாங்கும் சக்தியை இழந்துகொண்டு வருகிறது. பகலில் வெயில் பட்ட உடம்பு இரவிலாவது குளிர வேண்டும். அதுவும் இல்லாதபோதுதான் மயக்கமும் மரணமும் நேர்கின்றன. 2003 மே 31-இல் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் முதலில் சாய்வது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, தாளை எடுத்தவுடன் வீட்டில் எல்லோரையும் உட்கார வையுங்கள். ஆளுக்கு நூறு பங்கு கொடுங்கள். எழுதத் தெரியாத பாட்டியிடம் நூறு புளியங்கொட்டையைக் கொடுத்து நாலு கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். பிறகு எல்லோருடையதையும் கூட்டிச் சராசரி எடுங்கள். பகலெல்லாம் வீட்டில் இருப்பவருக்கும் மாடியில் படுப்பவருக்கும் இரண்டு பங்கு வாக்கு என்று வைத்தாலும் தகும். இன்னொன்று: பங்கைப் பிரித்த பிறகுதான் மார்க் போட வேண்டும். மார்க்கைப் பார்த்துவிட்டுப் பங்கை மாற்றினால், மனத்தில் முன்பே முடிவு செய்ததற்குக் கணக்கைச் சாட்சிக்கு அழைத்ததாகும். நம்மில் பலர் ஜாதகம் பார்ப்பதே அப்படித்தானே!

வாடகை வீட்டில் சங்கடம் இன்னும் அதிகம். கூரை வீட்டுக்காரருடையது; வேர்வை குடியிருப்பவருடையது. மின்சாரக் கட்டணமும் குடியிருப்பவருடையதே. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அது எப்படி ஏறுகிறது என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்காரர் தாளில் செலவுக்கு 90 பங்கு, குளுமைக்குப் பூஜ்யம். இதில் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமக்கு வராத லாபத்துக்கு யார்தான் பணம் போடுவார்? ஆனால் வெள்ளைப் பூச்சு பெரிய செலவில்லை. வீட்டுக்காரர் பூச்சு வாங்கட்டும், குடியிருப்பவர் ஆள் கூலி கொடுக்கட்டும் என்று பேசி முடித்தால் இருவருக்கும் நஷ்டமில்லை. அறையின் சூடு இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையும். வெயிலில் விரிந்து சுருங்கிக் கூரை வெடிப்பதும் குறையும் என்பதை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லலாம். அவர் காதில் விழக்கூடிய நியாயம் அதுதான்.

வெள்ளைப் பூச்சு அடிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நம் ஊர்த் தூசியில் வெண்மை நீடிக்காது. ஒரு வருஷத்தில் மங்கிவிடும். மாசி, பங்குனியில் மாடியைத் தேய்த்துக் கழுவி, வேண்டிய இடத்தில் மறு பூச்சு கொடுக்க வேண்டும். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் கண் கூசுகிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அழகு.

பலகை போடுகிறவர்களுக்கு: நீர் உறிஞ்சாத, ஆள் நடந்தாலும் அமுங்காத கெட்டிப் பலகையாக, எக்ஸ்.பி.எஸ். என்று கேட்டு வாங்குங்கள். கூரைக்கு அடியில் ஒட்டுவதைவிட மேலே போடுவதே மேல். அப்போதுதான் கான்கிரீட்டே சூடாகாமல் தப்பும். பலகை வைப்பதற்கு முன், நீர்க்கசிவுத் தடுப்பு வேலை முடிந்த கையோடு மாடியில் தண்ணீரைக் கட்டி, இரண்டு நாள் அப்படியே விடச் சொல்லுங்கள். கீழே உட்கூரையில் எங்காவது ஈரம் தெரிகிறதா என்று நீங்களே ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கள். அதற்குப் பிறகு மேஸ்திரிக்குப் பாக்கியைக் கொடுங்கள்.